கஃபனுக்கு ஆகாத சம்பளம்

உம்மாவை அடக்கம் செய்து மூன்றாவது வாரம் நடக்கிறது. சிட்டு இன்னும் அழவில்லை.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். நாற்பதைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. அண்ணன் ஒருவர், அவள் ஒருத்தி. உம்மா கடைசி ஆறு ஆண்டுகள் அவளோடுதான் இருந்தார். மருந்து, மருத்துவமனை, சக்கர நாற்காலி எல்லாமே அவள் சம்பளத்தில் நடந்தன.

உம்மாவின் உயிர் பிரிந்த அன்று, மருத்துவமனை வராந்தாவில், உடலைச் சுற்றும் கஃபன் துணி வாங்கப் பணம் எடுக்க அவள் கைப்பையைத் திறந்தாள். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

“இதுக்கு மட்டும் வேணாம் சிட்டு. இது அல்லாஹ்கிட்டப் போற துணி. பேங்க் காசு வேணாம்.”

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் காதில் விழாதது போலத் தரையைப் பார்த்தார்கள். அவள் பையை மூடிக்கொண்டாள். அன்று மரத்துப்போனவள்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாரையும் வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் வாசலில் இறங்கும்போது கணவர் கூப்பிட்டார்.

“ஒரு நிமிஷம். ஒரு கால் ஆபீசுக்கும் ஒரு கால் கல்யாணத்துக்கும் போகுதா?”

குனிந்து பார்த்தாள். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொரு காலில் தங்க நிறச் செருப்பு. சிரிப்பு வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யார் முகத்தைப் பார்த்தாலும் எந்த ஃபிரேம் பொருந்தும் என்று யோசிக்கிற மனிதர். அன்று மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையோ யோசித்தார்.

“இன்னிக்கு மேனேஜருக்குப் பதில் சொல்லணும்ல?”

“ம்.”

“என்ன சொல்லப் போற?”

“தெரியல.”

“நான் எடுத்துக்கோன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆனா கடை எப்படிப் போகுதுன்னு உனக்கே தெரியும். ஜனங்க வந்து என் கடையில ஃபிரேமை மாட்டிப் பார்த்து, கண்ணாடியில போட்டோ எடுத்துக்கிட்டு, வீட்டுக்குப் போயி போன்ல ஆர்டர் பண்றாங்க. நான் சும்மா கண்ணாடி பிடிக்கிற ஆளாயிட்டேன்.”

தலைமை அலுவலகத்தில் ஒரு பதவி வந்திருந்தது. இந்த வட்டாரத்துக் கிளைகள் அத்தனையிலும் கொடுக்கும் கடன்களை மேற்பார்வை பார்க்கிற பதவி. சம்பளம் கூடும், கார் வரும். வேறு யாராவது என்றால் அன்றே சரி என்றிருப்பார்கள்.

சிட்டுவுக்கு அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் மட்டுமல்ல, அந்தக் கணக்கை எழுதுவதும் அதற்குச் சாட்சியாக நிற்பதும் கூடாது என்று சிறு வயதில் மதரஸாவில் படித்தவள் அவள். அவள் வேலையே எழுதுவதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்க்கம் படித்த இரண்டு ஆலிம்களிடம் கேட்டாள். ஒருவர் உடனே விடச் சொன்னார். இன்னொருவர், வேறு வேலை தேடிக்கொண்டே இரு, கிடைக்கும்வரை மனதில் வெறுப்போடு இதைச் செய் என்றார். அவள் இரண்டாமவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ‘கிடைக்கும்வரை’ என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டுகொண்டே வந்தது. நடுவில் வெறுப்பும் எங்கோ தொலைந்துபோனது. வேலை பழகிவிட்டது. நன்றாகவும் செய்தாள்.

போதாக்குறைக்கு அவர்கள் குடியிருக்கும் வீடு. வங்கி ஊழியர்களுக்கென்று கொடுக்கிற குறைந்த வட்டிக் கடனில் வாங்கியது. வேலையை விட்டால் சலுகை போய்விடும், மாதத் தவணை ஏறிவிடும். கண்ணாடிக் கடையை நம்பி அதைக் கட்ட முடியாது.

“போயிட்டு வரேன்,” என்றாள்.

“போயிட்டு வா. வழியில பார்த்து நட,” என்றார் கணவர். எப்போதும் சொல்கிற வார்த்தைதான். அன்று கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

வங்கியில் மேனேஜர் அவள் வருவதற்கு முன்பே வந்திருந்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த மனிதர். அந்தப் பதவிக்கு அவள் பெயரை அனுப்பியதே அவர்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் பதிலுக்கு உயர்த்தினாள். உயர்த்திய பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் ஆகும் என்று தோன்றியது.

பத்தரை மணிவாக்கில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார்.

தலையில் வெள்ளைத் தொப்பி. வெளியே கிளம்பும்போது நன்றாகக் கை கழுவியிருக்கிறார், ஆனாலும் நக இடுக்கில் மாவு. ஊரில் பாதிப் பேருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த அவர் கடையின் பழைய அடுப்பு வெடிப்பு விட்டுவிட்டது. ஒருபக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை. எதிரே புதிதாக ஒரு கடை வந்திருந்தது. புது அடுப்புக்குக் கடன் கேட்டிருந்தார். உம்மா மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே சிட்டு எல்லாம் பார்த்து முடித்துவிட்ட கடன். இன்று கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் வாசித்தாள். வட்டி விகிதம், தவணைக் காலம், தவணை தவறினால் மேல்வட்டி. ஆயிரம் தடவை வாசித்த வரிகள். பாதி வாசிக்கும்போது, வாசிப்பது தான்தானா என்று தனக்கே சந்தேகம் வந்தது. குரல் மட்டும் எங்கும் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

“இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ரெண்டு,” என்று பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

“ஒண்ணு கேக்கலாமாம்மா?”

“கேளுங்க.”

“எங்க வாப்பா காலத்துலேர்ந்து எங்க வீட்டுல யாரும் வட்டி வாங்கினதும் இல்ல, கொடுத்ததும் இல்ல. இதுக்கு வீட்டுக்காரி வேணவே வேணாம்னு ஒரே அழுகை. முதல் தடவை வந்தப்போ நானே வாசலோட திரும்பிப் போயிருப்பேன்.”

“அப்புறம்?”

“கண்ணாடிக் கதவு வழியா உங்களைப் பார்த்தேன். முக்காடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. நம்ம பொண்ணே இந்த நாற்காலியில இருக்கு, படிச்சவங்க, விஷயம் தெரிஞ்சவங்க, அப்ப இதுல ஏதோ ஒரு வழி இருக்கும்போலன்னு மனசு தைரியமாச்சு. வீட்டுலயும் அதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் அவளால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

“உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போட்டுடறேன். மார்க்கத்துல இது கூடும்தானே?”

இத்தனை வருடத்தில் வட்டி குறையுமா, தவணை தள்ளிப்போடலாமா, ஜாமீன் மாற்றலாமா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ‘கூடும்’ என்று சொன்னால் மூன்று கையெழுத்து, ஒரு அடுப்பு, ஒரு குடும்பம் பிழைத்துவிடும். ‘கூடாது’ என்று சொல்ல அந்த நாற்காலியில் இருக்கிறவளுக்கு வாய் ஏது? எனக்குத் தெரியாது என்று தப்பிக்கலாம். அதுதான் பொய்களிலேயே பெரிய பொய்.

“நான் இங்க உட்கார்ந்திருக்கிறதை வச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க,” என்றாள்.

“அப்ப கூடாதா?”

“அதைச் சொல்ல நான் ஆள் இல்லீங்க. என் சோத்துக்கு நான் உட்கார்ந்திருக்கேன். அது உங்களுக்கு ஃபத்வா ஆகாது.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைப் போட்டு, தாள்களின் மேல் அலுங்காமல் வைத்தார்.

“நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு நெனைக்கலம்மா.” கோபம் இல்லை, ஏமாற்றம்கூட இல்லை. இருட்டில் படி இருக்கிறதென்று காலை வைத்துவிட்டவர் மாதிரி இருந்தார். “அப்ப அடுப்புக்கு நான் என்ன பண்றது?”

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

சிட்டு தாள்களை அடுக்கி ஃபைலில் வைத்தாள். இப்போது வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. ஊசி போட்ட பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி, தன் மனதைத் தானே தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

மேனேஜர் வந்து நின்றார்.

“என்னம்மா, ரொட்டிக்கடைக்காரர் கையெழுத்துப் போடாம போறார்? ஏதாவது பேப்பர் குறையுதா?”

“பேப்பர் எல்லாம் சரியா இருக்கு சார். அவர் ஒண்ணு கேட்டார். என்னால சொல்ல முடியல.”

“என்ன கேட்டார்?”

“கூடுமான்னு.”

மேனேஜருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நான் கடவுள் விஷயத்துல தலையிட மாட்டேன். ஆனா டார்கெட் விஷயத்துல தலையிட்டுத்தான் ஆகணும். கூடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அவரும் நிம்மதியா போயிருப்பார்.”

“அந்தப் போஸ்ட் எனக்கு வேணாம் சார்.”

அரை நாள் விடுப்புக் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக வந்தது வார்த்தை. அவளே எதிர்பார்க்கவில்லை.

“இந்த லோன் வேலையும் வேணாம்.”

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். “அம்மா போன துக்கத்துல பேசுறே. இப்ப எந்த முடிவும் எடுக்கக் கூடாது.”

“துக்கமே வரல சார். அதுதான் பிரச்சனை.”

“லோனை எடுத்துட்டா பேங்க்ல என்னம்மா மிச்சம்? கட்டடமும் ஏ.சி.யும்தான்.”

“லாக்கர் இருக்கே சார்.”

“இங்க லாக்கருக்கு ஆள் இருக்கு. காலியா இருக்கிறது மலையடிவாரக் கிளையில. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். சம்பளமும் ஒரு படி இறங்கும்.” குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதே. அங்க சாவி எடுத்துக் கொடுத்தாலும் உனக்குச் சம்பளம் இதே பெட்டியிலேர்ந்துதானே வரும்?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“அங்க என்னைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்கல்ல.”

மேனேஜர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். “காலையில வா. அப்பவும் இதையே சொன்னா மேல எழுதி அனுப்பறேன். இப்ப நீ சொன்னது எதுவும் என் காதுல விழல.”

மாலையில் பஸ்ஸில் ஏறினாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தபோது, கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டாள். அண்ணன் வீடு அங்கேதான் இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் கேட்டுவிட்டார். தான்தான் கேட்கவில்லை என்று பஸ்ஸில்தான் உறைத்தது. ஆலிம்களிடம் கேட்டாள், புத்தகங்களில் தேடினாள். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்த உம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் கையால் சாப்பிடுகிறீர்களே, உங்களுக்குத் தொண்டையில் இறங்குகிறதா என்று. இப்போது கேட்பதற்கு உம்மா இல்லை. அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்கலாம். அன்று வராந்தாவில் சொன்னது யாருடைய வார்த்தை? அவருடையதா, உம்மாவுடையதா?

அண்ணன் ஏ.சி. மெக்கானிக். மாடியில் இரண்டு அறை, வாடகைக்கு. படிக்கட்டு முழுக்கச் செப்புக் குழாய்ச் சுருள்கள். ஒரு வேன் இருந்தால் இரண்டு ஆள் வைத்து வேலை செய்யலாம். வேனுக்குக் கடன் கொடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். வட்டி என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கும் பைக்கின் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் போகிறார். ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பேசுகிற ஆள் இல்லை. அப்படி இருந்திருந்தால் சிட்டுவுக்கு அவரை வெறுத்துவிட்டுப் போவது சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணி குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏ.சி. ஃபில்டர்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிட்டுவைப் பார்த்ததும் கை நின்றது.

“வா சிட்டு. அண்ணன் இன்னும் வரலியே.”

“இருக்கேன் அண்ணி.”

இன்னொரு பிரஷ் கிடந்தது. சிட்டு அதை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸ் உடுப்பு நனையுது என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இருவரும் தேய்த்தார்கள். யார் வீட்டுத் தூசியோ கறுப்பாக வழிந்து ஓடியது.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும். என் காசுல கஃபன் வாங்கக் கூடாதுன்னு உம்மா சொன்னாங்களா?”

அண்ணி நிமிரவில்லை. ஒரு ஃபில்டரை முடித்து, உதறி, சுவரில் சாய்த்து வைத்தார்.

“இதை நான் சொல்லக் கூடாது. உங்க அண்ணனே சொல்லணும். அவர் சொல்வார் சொல்வார்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். சோறு இறங்கல அவருக்கு. நீ இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா எனக்கும் மனசு கேக்கல.”

“சொல்லுங்க.”

“கடைசி நாளுக்கு முந்தின நாள், நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்தே. நானும் அவரும் கட்டில் பக்கத்துல நின்னோம். மாமி கண்ணைத் திறந்து அவரைக் கூப்பிட்டாங்க. ‘அவ எல்லாத்தையும் செஞ்சுட்டா. உனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல. கஃபன் துணியையாவது நீ வாங்கிப் போடு’ன்னாங்க.”

சிட்டுவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பேங்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மகன் கையால ஒண்ணு நடக்கட்டும்னு ஆசைப்பட்டாங்க. அந்த ‘துணியையாவது’தான் இவருக்குக் குத்திடுச்சு. வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னார்.”

கீழே பைக் நிற்கிற சத்தம் கேட்டது. படிக்கட்டில் சிலிண்டர் இடிபட்டு ஏறியது. அண்ணன் வந்தார். தங்கையையும் மனைவியையும் அந்தக் கோலத்தில் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுப் படிக்கட்டு முனையிலேயே உட்கார்ந்தார்.

“சொல்லிட்டியா?” என்று மனைவியைக் கேட்டார். அண்ணி தலையாட்டினார்.

“ஏன் அண்ணே?” என்றாள் சிட்டு. “அத்தனை பேருக்கு முன்னாடி?”

அண்ணன் உள்ளங்கையில் இருந்த கிரீஸைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“உம்மா அப்படிச் சொன்னது உண்மை. நான் உன்கிட்ட சொன்னதும் பொய் இல்ல சிட்டு. உன் சம்பளம் சரியில்லன்னுதான் இன்னிக்கும் நெனைக்கிறேன். அதை மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு அதுக்காகச் சொல்லல. உம்மாவுக்கு ஒண்ணுமே செய்யாதவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேன்னு வெக்கம். அந்த வெக்கத்துக்கு மார்க்கத்தை எடுத்துப் போர்த்திக்கிட்டேன். அல்லாஹ் மன்னிக்கணும். நீயும்.”

இந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தாள் என்று தெரிந்தது. வந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு அசையவில்லை.

“உம்மாவுக்கு என் காசுல சாப்பிட மனக்குறை இருந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க.”

ஒரு பொய் சொன்னால் போதும். அண்ணன் சொல்லவில்லை.

“தெரியல. நான் கேட்டதில்ல. உன் வீட்டுல இருந்தாங்க, தொழுதாங்க, உனக்காக துஆ செஞ்சாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

சிட்டு தலையாட்டினாள். பிறகு பகலில் நடந்ததைச் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர், முக்காடு, மூடிவைத்த பேனா. பதவி வேண்டாம் என்றதையும் சொன்னாள்.

அண்ணன் முகம் தெளிந்தது. “நல்ல காரியம் பண்ணினே. அவரையும் காப்பாத்திட்டே.”

“எதுலேர்ந்து காப்பாத்தினேன்? அவர் அடுப்பு வெடிச்சிருக்கு அண்ணே. நான் வாயைத் திறந்தேன், அவர் வெறுங்கையோட போறார். நாளைக்கு அந்தக் கடை மூடினா அதுல எனக்குப் பங்கு இல்லையா?”

“நம்ம பள்ளிவாசல் ஜமாஅத்துல சொல்லி ஏதாவது…”

“சொல்வீங்க. கமிட்டி கூடும். தலைவர் ஊர்ல இல்லம்பாங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்பாங்க. கூடாதுன்னு சொல்ல எல்லாரும் இருக்கீங்க. எது கூடும்னு கேட்டா ஒருத்தர்கூட இல்ல.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அண்ணி எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

“கடை எங்க இருக்கு?” என்றார் அண்ணன் திடீரென்று.

“எந்தக் கடை?”

“ரொட்டிக்கடை. கமிட்டி எல்லாம் அப்புறம் கூடட்டும். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரேன். நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டாலாவது ஏதாவது நடக்குதான்னு பார்ப்போம்.”

நடக்குமா என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வழியைச் சொன்னாள்.

வீடு திரும்பியபோது கணவர் சோறு வடித்து வைத்துக் காத்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அண்ணி போன் பண்ணியிருப்பார் போல. சாப்பிடும்போது சிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கஃபன் துணி பற்றிச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பதவி வேண்டாம் என்றதைச் சொன்னபோது மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். மலையடிவாரக் கிளை, போக இரண்டு மணி நேரம், சம்பளம் இறங்கும் என்பதையும் சொல்லி முடித்தாள்.

“அந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்றார்.

“பார்க்கல.”

கை கழுவிக்கொண்டு வந்து போனில் தேடினார். “அஞ்சேகாலுக்கு ஒண்ணு இருக்கு. நாலு மணிக்கே எழுந்திருக்கணும். நான்தான் அலாரம். நீ எழுந்திருக்க மாட்டே.”

“கோபம் இல்லையா உங்களுக்கு?”

“கோபப்பட்டா தவணை குறையுமா?” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நாளாவே மனசுல இருக்கு. உம்மா இருந்த வரைக்கும் சொல்லல. இந்த வீட்டை வித்துக் கடனை அடைச்சுட்டு வாடகைக்குப் போயிட்டா என்ன? உன் அண்ணன் வாடகை வீட்டுலதானே நிம்மதியா தூங்குறார். கழுத்துல கயிறு இல்லாட்டி நீ லாக்கர் வேலைகூடப் பார்க்க வேணாம். மெதுவா வேற தேடலாம்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடன் போகும், வட்டி போகும், நாளைக்கே வேலையை விடுவதானாலும் விடலாம். பன்னிரண்டு ஆண்டாக அவள் தேடிய வழி இதுதான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கூடத்தின் மறுகோடியில் உம்மா படுத்திருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது.

“உம்மா ரூமையும் சேர்த்தா விக்கணும்?” என்றாள்.

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய முயன்றாள், முடியவில்லை. கணவர் போனைக் கீழே வைத்தார். மூன்று வாரமாக வராத அழுகை அது. அழுது முடியட்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.